தமிழில் மாடித்தோட்ட வலைப்பூ: கருவிகளும் கூகுள் தேடலும்

கேள்வியைச் சுருக்கமாக இப்படி எடுத்துக்கொள்கிறேன். மாடித்தோட்டம் பற்றித் தமிழில் ஒரு வலைப்பூ தொடங்க வேண்டும். கோடிங் தெரியாது, விளம்பரத்துக்குச் செலவு செய்யும் எண்ணமும் இல்லை. பிளாகரா, வேர்ட்பிரஸா? எஸ்இஓவுக்கு, அதாவது தேடலில் முன்னால் வருவதற்கு, உதவும் பிளகினை (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை நிரல்) காசு கொடுத்து வாங்க வேண்டுமா? கூகுளில் தேடுகிறவர்கள் வந்து சேர என்னதான் செய்ய வேண்டும்? கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸில் ஏதாவது வருமா?

கருவியைப் பற்றிய பதில் சின்னது, அதை முதலில் முடித்துவிடுகிறேன். பிளாகர் 1999இல் வந்தது, 2003இல் கூகுள் அதை வாங்கியது. இலவசம். ஹோஸ்டிங் (தளத்தை வைக்கும் சர்வர் இடம்) வாடகை கிடையாது, அப்டேட் கவலை கிடையாது, நீங்கள் ஆறு மாதம் எட்டிப் பார்க்காவிட்டாலும் தளம் அப்படியே இருக்கும். ஆனால் பல வருடங்களாகப் பெரிய மாற்றம் எதையும் காணாத கருவி அது. வேர்ட்பிரஸை நம் சொந்த ஹோஸ்டிங்கில் நிறுவினால் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், அதே சமயம் அப்டேட், பேக்கப், பாதுகாப்பு எல்லாம் நம் தலையில் விழும். வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவு பொருட்டில்லை, தொடர்ந்து எழுதுவேன் என்ற நம்பிக்கையும் இருக்கிறது என்றால் வேர்ட்பிரஸ். இல்லையென்றால் பிளாகரே போதும். கூகுளின் கருவி என்பதால் பிளாகருக்கு கூகுள் சலுகை காட்டும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எந்தக் கருவியில் எழுதினீர்கள் என்பது தேடலில் முன்னால் வருவதைத் தீர்மானிப்பதில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் சொந்த டொமைன் (தளத்தின் இணையப் பெயர்) ஒன்றை முதலிலேயே வாங்கிவிடுங்கள். பிளாகரிலும் அதை இணைக்க முடியும். நாளை பிளாகரிலிருந்து வேர்ட்பிரஸுக்கு மாறினாலும் உங்கள் பெயர் உங்களோடு வரும். முதல் வருட விலையைப் பார்த்து மயங்காமல் புதுப்பிக்கும் விலையையும் பாருங்கள். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். தளம் அமைத்துத் தரும் தம்பியின் கணக்கில் டொமைன் இருந்து, அவர் வெளிநாடு போன பிறகு தவிப்பது நம் ஊரில் அடிக்கடி நடக்கிற கதை.

வேர்ட்பிரஸ் என்றால் இலவசத் தீம்களில் (தளத்தின் தோற்ற வடிவங்கள்) ஜெனரேட்பிரஸ், அஸ்ட்ரா, கடென்ஸ் மூன்றில் எதுவும் சரி. பிளகின்களில் எஸ்இஓவுக்கு ஒன்று, கேச் செய்ய (பக்கத்தின் நகலை வைத்துக்கொண்டு வேகமாகக் காட்ட) ஒன்று, பேக்கப்புக்கு ஒன்று, அவ்வளவுதான். எஸ்இஓ பிளகினில் யோஸ்ட் அல்லது ராங்க் மேத், இரண்டில் ஒன்று மட்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் ஒரே பக்கத்துக்கு இரண்டு விவரக்குறிப்பு எழுதி ஒன்றோடொன்று மோதும். இலவசப் பதிப்பே போதும், காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. பேக்கப்பை மட்டும் அதே ஹோஸ்டிங்கில் வைக்காமல் கூகுள் டிரைவ் போல வெளியே எங்காவது போய்ச் சேரும்படி அமையுங்கள்.

அப்புறம் ஒரு சின்னப் பெட்டி. வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் என்ற பகுதியில், தேடுபொறிகள் இந்தத் தளத்துக்கு வராமல் தடுக்கும் டிக் ஒன்று இருக்கிறது. தளத்தை அமைக்கும்போது அதைப் போட்டுவிட்டு எடுக்க மறந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் எழுதியும் கூகுளில் ஒரு பக்கம்கூட வரவில்லை என்று புலம்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பதிவு எஸ்இஓவுக்கு எப்படி இருக்கிறது என்று யோஸ்ட் காட்டும் பச்சை விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கூகுள் தரும் மதிப்பெண் இல்லை, பிளகின்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. அந்தக் கணக்குக்குத் தமிழ் விகுதிகள் பிடிபடாது. குறிச்சொல் ‘தக்காளி’ என்று கொடுத்துவிட்டு, பதிவில் தக்காளிக்கு, தக்காளியை, தக்காளியில் என்று இயல்பாக எழுதினால் குறிச்சொல்லே இல்லை என்று சிவப்பு காட்டும். உடனே வாக்கியத்துக்கு வாக்கியம் ‘தக்காளி’ என்று மொட்டையாகத் திணித்துப் பச்சை வர வைக்கிறார்கள். படிக்கிறவருக்கு அது கொடுமை. தலைப்பையும் சுருக்கக் குறிப்பையும் எழுத அந்த பிளகினைப் பயன்படுத்துங்கள், விளக்கைக் கண்டுகொள்ளாதீர்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல் முகவரியில் இருக்கிறது, ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. பிளாகரில் தமிழில் தலைப்பு வைத்தால் அது தமிழ் எழுத்துகளை உதறிவிட்டு, ‘பிளாக்-போஸ்ட்’ என்ற பொதுப் பெயரையும் பின்னால் ஒரு எண்ணையும் ரோமன் எழுத்தில் போட்டு முகவரி செய்யும். பழைய தமிழ் வலைப்பூக்கள் பலவற்றில் எல்லாப் பதிவுகளுக்கும் இப்படித்தான் இருக்கும். வலப்பக்கப் பட்டியில் பெர்மாலிங்க் என்ற இடத்தில் நீங்களே ரோமன் எழுத்தில் ஒரு பெயர் கொடுக்கலாம். வெளியிடும் முன்பே கொடுத்துவிட வேண்டும் என்பது முக்கியம்.

வேர்ட்பிரஸ் இதற்கு நேர்மாறு. தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் உள்ளே போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் (உயிர்மெய் முழுதாக ஒன்று என்று எண்ணாதீர்கள், மெய்ப்புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி) 9 ரோமன் குறிகளாக மாறும். முகவரியின் அந்தப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 குறிகள். ஆக 22 தமிழ்க் குறிகளுக்கு மேல் இடம் கிடையாது. ‘மாடித்தோட்டத்தில் தக்காளி வளர்ப்பு’ என்று தலைப்பு வைத்தால் முகவரி ‘மாடித்தோட்டத்தில்-தக்கா’ என்று அறுந்து நிற்கும். கூகுளுக்குத் தமிழ் முகவரி புரியும், அதனால் தேடலில் பின்னடைவு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சதவீதக் குறியும் எண்ணுமாக நாலு வரிக்கு நீண்டு, திறக்கவே பயமாக இருக்கும். தலைப்பு தமிழில் இருக்கட்டும், முகவரியை ரோமன் எழுத்தில் இரண்டு மூன்று சொல்லாகச் சுருக்கி வையுங்கள். வெளியிட்ட பதிவின் முகவரியை அதன் பிறகு தொட வேண்டாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2000களில் தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இருந்தன. எழுதியதும் அங்கே போய் நிற்கும், ஆட்கள் தேடாமலேயே வந்து படிப்பார்கள். அந்தக் காலம் போய்விட்டது. இன்று உங்கள் பதிவுக்கு வரப்போகிறவர் கையில் போனோடு மாடியில் நிற்கிறார், செடிக்கு ஏதோ ஆகிவிட்டது, அவருக்குத் தோன்றிய சொற்களைத் தட்டுகிறார் அல்லது மைக்கில் சொல்கிறார். அந்தச் சொற்களுக்கும் உங்கள் பக்கத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா என்பதுதான் எஸ்இஓவின் முக்கால் பங்கு.

அவருக்கு மாவுப்பூச்சி என்ற பெயர் தெரியாமல் இருக்கலாம். ‘செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி’ என்றுதான் தேடுவார். தக்காளியின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதற்கு வேளாண் பல்கலைக்கழகம் ஒரு பெயர் வைத்திருக்கும், அவர் தட்டுவது ‘தக்காளி காய் அடியில் கருப்பு’. கண்ணுக்குத் தெரியும் அறிகுறியைத்தான் மக்கள் தேடுகிறார்கள். எனவே தலைப்பில் அறிகுறி, முதல் பத்தியில் சரியான பெயர் என்று வைத்தால் இரண்டு வகை ஆட்களுக்கும் பக்கம் கிடைக்கும். ‘மாடித்தோட்டம் அமைப்பது எப்படி’ என்ற தலைப்பில் ஏற்கெனவே ஏகப்பட்ட பக்கங்கள் இருக்கின்றன, பெரிய பத்திரிகைத் தளங்கள் உட்பட. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்தில் தமிழிலேயே தகவல் கொட்டிக் கிடக்கிறது. அவர்களோடு பொதுத் தலைப்பில் மோதிப் பயனில்லை. அவர்கள் ஏக்கர் கணக்கு பேசுவார்கள். பன்னிரண்டு க்ரோ பேக் வைத்திருப்பவருக்கு வேப்ப எண்ணெய் எத்தனை மில்லி, அதில் சோப்புக் கரைசல் எவ்வளவு என்று சொல்ல ஆள் குறைவு. இடம் அங்கேதான் காலியாக இருக்கிறது.

ஊருக்கு ஊர் பெயர் மாறுவதையும் கவனியுங்கள். சென்னையில் பரங்கிக்காய், கோவைப் பக்கம் அரசாணிக்காய், வேறு சில ஊர்களில் மஞ்சள் பூசணி. இலங்கை வாசகர் பப்பாசி, பாவற்காய், வெண்டிக்காய் என்று தேடுவார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதிவு போட வேண்டாம், அது கூகுளுக்கும் பிடிக்காது, வாசகருக்கும் எரிச்சல். ஒரே பதிவில், முதல் சில வரிகளுக்குள், ‘எங்கள் பக்கம் அரசாணி என்போம்’ என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டால் போதும்.

சந்தி விஷயத்தில் பலர் குழம்புகிறார்கள். தேடுகிறவர் ‘மாடி தோட்டம்’, ‘தக்காளி செடி’ என்று ஒற்று இல்லாமல் பிரித்துத் தட்டுகிறார், நாம் மாடித்தோட்டம், தக்காளிச் செடி என்று எழுதுகிறோம். பிழையாக எழுதினால்தான் மேலே வருமா? இரண்டு விதமாகவும் கூகுளில் தட்டிப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே பக்கங்கள் வந்தால் கவலையை விடுங்கள். வேறு வேறாக வந்தால் தலைப்பில் மட்டும் மக்கள் தட்டும் வடிவத்தை வைத்துக்கொண்டு, உள்ளே திருத்தமாக எழுதுங்கள். தமிழாசிரியர் யாராவது கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள். ஆனால் எழுத்துருப் பிழை வேறு, அதில் சமரசம் வேண்டாம். சௌசௌ என்று எழுதும்போது ஔகாரக் குறியை விட்டுவிட்டு ஒற்றைக் கொம்பும் ளகரமும் சேர்த்து ‘செளசெள’ என்று தட்டுகிறவர்கள் நிறைய. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், இயந்திரத்துக்கு அது வேறு எழுத்துகள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டி வைத்த குறிப்புகள் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள்.

ரோமன் எழுத்தில் தமிழைத் தட்டுகிறவர்களும் உண்டு. அவர்களுக்காகப் பதிவின் கீழே ரோமன் எழுத்துச் சொற்களை வரிசையாகக் கொட்டும் பழக்கம் தமிழ்த் தளங்களில் பரவலாக இருக்கிறது. அது பார்க்கவே அசிங்கம், கூகுளின் ஸ்பேம் விதிகளிலும் சொற்குவிப்பு தப்பு. முகவரியிலும் படங்களின் கோப்புப் பெயரிலும் ரோமன் எழுத்து இருப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்தச் சொற்களையெல்லாம் எங்கே பிடிப்பது? காசு கொடுத்து வாங்கும் கீவேர்டு கருவிகள் தமிழுக்கு அவ்வளவாக உதவுவதில்லை. பல சொற்களுக்கு எண்ணிக்கையே காட்டாது. கூகுள் தேடல் பெட்டியில் ‘மிளகாய் செடி’ என்று தட்டி ஓர் இடைவெளி விட்டால் கீழே விழும் பட்டியல் போதும். யூடியூபிலும் அதையே செய்யுங்கள். தமிழில் தோட்டக் காணொளிகளுக்குக் கீழே மக்கள் கேட்கும் கேள்விகள்தான் தங்கச் சுரங்கம், அவர்கள் சொற்களிலேயே இருக்கும்.

பதிவில் என்ன எழுதுவது என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ‘மிளகாய் செடி இலை சுருண்டால் என்ன செய்வது’ என்று எடுத்துக்கொள்வோம். பெரும்பாலான பக்கங்கள் மிளகாயின் வரலாறு, சத்துகள் என்று நாலு பத்தி ஓட்டிவிட்டு, கடைசியில் ‘வேப்ப எண்ணெய் தெளிக்கவும்’ என்று முடியும். நீங்கள் முதல் பத்தியிலேயே விஷயத்தைப் பிரித்துக் காட்டுங்கள்: இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனாக இருக்கலாம், கீழ்நோக்கிச் சுருண்டால் முரணைச் சிலந்தியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குக் கீழே உங்கள் மாடியில் எடுத்த இரண்டு படங்கள், ஒவ்வொன்றிலும் இலை எப்படித் திரும்பியிருக்கிறது என்று. பிறகு நீங்கள் என்ன தெளித்தீர்கள், எத்தனை நாளில் புதுத் தளிர் நன்றாக வந்தது, வராவிட்டால் செடியைப் பிடுங்கிவிட்டீர்களா. தேடி வந்தவருக்கு வேண்டியது இதுதான். கூகுள் தன் தர மதிப்பீட்டு வழிகாட்டியில் 2022 டிசம்பரில் அனுபவம் என்பதைத் தனி அளவுகோலாகச் சேர்த்தது. உங்களிடம் மாடியும் செடியும் இருக்கின்றன, கைபேசி கேமராவும் இருக்கிறது. இணையத்தில் பொறுக்கி எழுதுகிறவரிடம் இல்லாதவை இவை.

ஏஐயிடம் சொல்லி ஒரே வாரத்தில் நூறு பதிவு போட்டுவிடலாமே என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். 2024 மார்ச்சில் கூகுள் கொண்டுவந்த ஸ்பேம் விதி, தேடலில் இடம் பிடிப்பதற்காகவே மொத்தமாக உற்பத்தி செய்யும் பக்கங்களைக் குறிவைத்தது. ஏஐ எழுதியதா, மனிதர் எழுதியதா என்பது அதில் பிரச்சினை இல்லை, யாருக்கும் உதவாத குவியல் என்பதுதான் பிரச்சினை. தவிர, வேப்பம் புண்ணாக்கின் அளவை ஏஐ தப்பாகச் சொல்லி ஒருவர் செடி கருகினால், அவர் திட்டப்போவது உங்களைத்தான்.

விட்டுவிட வேண்டியவையும் சில உண்டு. மெட்டா கீவேர்டு பெட்டியை (பக்கத்தின் குறிச்சொற்களைத் தேடுபொறிக்கென்று தனியே எழுதும் இடம்) நிரப்பச் சொல்லும் அறிவுரை இன்னும் தமிழ்க் காணொளிகளில் உலவுகிறது. அதைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009லேயே சொல்லிவிட்டது. கேள்வி-பதில் ஸ்கீமா (பக்கத்தில் கேள்வி-பதில் இருப்பதைத் தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு) போட்டால் தேடல் முடிவில் கூடுதல் இடம் கிடைக்கும் என்பார்கள், 2023 ஆகஸ்டில் அந்தச் சலுகையைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்கள் அளவுக்குக் கூகுள் சுருக்கிவிட்டது. ‘ஆயிரம் பேக்லிங்க் (மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) ஐந்நூறு ரூபாய்’ என்று வரும் மின்னஞ்சலைத் திறக்கவே வேண்டாம். உண்மையான இணைப்பு வேண்டுமென்றால், விதைப் பகிர்வுக் குழுக்களில் யாராவது கேள்வி கேட்கும்போது முதலில் பதிலை அங்கேயே சொல்லுங்கள். படம் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் பதிவின் இணைப்பைக் கொடுங்கள். உங்கள் பதிவுகளுக்குள்ளும் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இணைப்பு கொடுக்க மறக்காதீர்கள். இலைச் சுருட்டல் பதிவிலிருந்து வேப்ப எண்ணெய்க் கரைசல் பதிவுக்குப் போக வழி இருக்க வேண்டும். ‘இங்கே சொடுக்கவும்’ என்று எழுதாமல் ‘வேப்ப எண்ணெய்க் கரைசல் தயாரிப்பு’ என்ற சொற்களிலேயே இணைப்பை வையுங்கள்.

வேகம் பற்றி அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். முக்கியமான பகுதி 2.5 வினாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது கூகுள் சொல்லும் அளவு. எழுத்தும் படமும் மட்டும் உள்ள தளத்தில் இதைக் கெடுப்பவை பெரும்பாலும் படங்கள்தான். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள். அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்து, வெப்பி என்ற, கோப்பைச் சிறிதாக்கும் பட வடிவில் மாற்றி ஏற்றினால் பெரும்பாலும் 150 கேபிக்குள் அடங்கும். வேர்ட்பிரஸ் 2021இலிருந்து வெப்பியை ஏற்கிறது. படத்தின் மாற்று உரையில் ‘கீழ்நோக்கிச் சுருண்ட மிளகாய் இலை’ என்று உள்ளதைச் சொல்லுங்கள், பார்வையற்றவர்களுக்கும் அது உதவும். அழகுக்காக மூன்று நான்கு தமிழ் எழுத்துருக்களை இறக்குவதும் பக்கத்தைக் கனக்கவைக்கும். போனில் இருக்கும் தமிழ் எழுத்துருவே நன்றாக இருக்கிறது. வரி இடைவெளியை மட்டும் கொஞ்சம் கூட்டிவிடுங்கள், கொம்பும் சுழியும் முட்டாமல் இருக்கும்.

உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலை முதல் நாளே இணையுங்கள், அது இலவசம். சைட்மேப்பை (தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியல்) பிளாகரும் வேர்ட்பிரஸும் தாமே உருவாக்கிவிடும், அதன் முகவரியை அங்கே ஒருமுறை கொடுத்தால் போதும். முதல் இரண்டு மூன்று மாதம் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், அதற்குள் தளத்தின் தீம் மாற்றுவது, பிளகினை மாற்றுவது என்று இறங்காதீர்கள். பிளாகரில் முகவரியின் முடிவில் எம் சமம் 1 (m=1) என்று ஒட்டிக்கொண்ட பக்கங்கள் ‘இண்டெக்ஸ் ஆகவில்லை’ (கூகுளின் தேடல் தொகுப்பில் சேரவில்லை) என்ற பட்டியலில் வந்து பயமுறுத்தும். அவை கைபேசிப் பதிப்புகள், மூலப் பக்கம் இண்டெக்ஸ் ஆகியிருந்தால் கவலையே இல்லை. ‘கிரால் செய்தோம், இண்டெக்ஸ் செய்யவில்லை’ (வந்து படித்தோம், தொகுப்பில் சேர்க்கவில்லை) என்ற பட்டியலில் உங்கள் உண்மையான பதிவுகள் நிறையத் தேங்கினால் மட்டும் யோசியுங்கள். பெரும்பாலும் அவை நாலு வரிப் பதிவுகளாகவோ ஒரே விஷயத்தைத் திருப்பிச் சொல்பவையாகவோ இருக்கும். இரண்டு மூன்றைச் சேர்த்து ஒன்றாக்கிவிடலாம்.

தரவு சேர்ந்த பிறகு பார்க்க வேண்டியது தேடல் சொற்களின் பட்டியல். 16 மாதத் தரவு வரை அதில் இருக்கும். எட்டாவது இடத்திலிருந்து இருபதாவது இடம் வரை நிற்கும் சொற்களை வடிகட்டுங்கள். கூகுள் உங்கள் பக்கத்தைப் பொருத்தமென்று கருதுகிறது, ஆனால் முழுத் திருப்தி இல்லை என்று பொருள். சில சமயம் நீங்கள் நினைத்தே பார்க்காத கேள்விக்கு உங்கள் பக்கம் வந்துகொண்டிருக்கும். மாவுப்பூச்சிப் பதிவுக்கு ‘எறும்பு செடியில் ஏன் வருகிறது’ என்று தேடியவர்கள் வரலாம், ஏனென்றால் மாவுப்பூச்சி சுரக்கும் இனிப்புத் திரவத்துக்கு எறும்பு வரும். அந்தக் கேள்விக்குப் பதிவில் ஒரு பத்தி சேருங்கள், நிறையச் சொல்ல இருந்தால் தனிப் பதிவே எழுதலாம். புதிதாக ஐந்து பதிவு போடுவதைவிட இப்படி ஒன்றைச் செப்பனிடுவது வேகமாகப் பலன் தரும் என்பது என் கருத்து. ஒன்றும் மாற்றாமல் தேதியை மட்டும் புதிதாக்குவது வெட்டி வேலை.

பருவத்தையும் கணக்கில் வையுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைப்பவர்கள் விதையைத் தேடுவது ஆடி பிறக்கும்போது. உங்கள் பதிவு கூகுளில் நிலைபெற வாரங்கள் ஆகும் என்பதால் வைகாசியிலேயே வெளியாகியிருக்க வேண்டும். கோடையில் நிழல்வலை, மழைக்காலத்தில் வேர் அழுகல் என்று வருடாவருடம் திரும்பும் கேள்விகளுக்கு ஒரே பதிவை வைத்துக்கொண்டு, முகவரியில் ஆண்டு போடாமல், பருவத்துக்கு முன்னால் புதுப்பித்து வாருங்கள்.

ஆட்சென்ஸ் 2018இலிருந்து தமிழை ஏற்கிறது. தமிழ்ப் பக்கங்களுக்குக் கிடைக்கும் விளம்பரத் தொகை ஆங்கிலத்தைவிடக் குறைவு, எனவே வீட்டுச் செலவுக்கு அதை நம்ப வேண்டாம். ஹோஸ்டிங் வாடகை அதில் வந்தாலே முதல் வருடத்துக்கு நல்லது. இருபது முப்பது உருப்படியான பதிவுகள், உங்களைப் பற்றிய பக்கம், தொடர்புப் பக்கம், தனியுரிமைக் கொள்கை இவை தயாரான பிறகு விண்ணப்பியுங்கள். ஒப்புதல் வந்ததும் தானியங்கி விளம்பரத்தை முழுவதுமாகத் திறந்துவிட்டால் முதல் பத்திக்கும் படத்துக்கும் நடுவில் மூன்று விளம்பரம் வந்து உட்காரும். இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று பார்க்க வந்தவருக்கு அந்தப் படம் தெரிந்த பிறகு முதல் விளம்பரம் வரும்படி இடத்தை நீங்களே குறித்துக் கொடுங்கள்.